ஒருவர் மட்டும் கேட்கும் கேள்வி

கோகிலவாணி தன் கணவன் நல்லசிவத்தின் இடது தாடையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகம் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமுங்க."

"தாடை வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? போன்ல தேடிப் பாத்துட்டேன் அம்மணி. எனக்குன்னே எழுதுனாப்ல இருந்துச்சு. மெதுவாத் தேய், சப்பாத்திக்கு மாவா பிசையற?"

பதினொரு மணிக்கு, வேலைக்குப் போன கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படியில் அவன் இறந்தான். மாரடைப்பு. மாடி ஏறும்போது மட்டும் வந்த அந்த வலி இதயத்தினுடையதாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அவள் தலையாட்டினாள்.

அந்த நாட்களில் யாரும் இரண்டு சொல்லில் தேடுவதில்லை. மனதில் இருப்பதை முழு வாக்கியமாகவே இணையத் தேடியிடம் சொன்னார்கள். 'தாடை வலி' என்ற குறுந்தொடருக்கு லட்சம் பக்கங்கள் மோதின. மருத்துவமனைகள் முன்வரிசையில் நின்றன. பத்துச் சொல் நீளும் நெடுந்தொடருக்குப் போட்டியே கிடையாது. மாதத்துக்கு ஒருவர்தான் கேட்பார். ஆனால் தன் வார்த்தையிலேயே பதில் வந்தால் அந்த ஒருவர் நம்பிவிடுவார்.

கோகிலவாணி வேலை பார்த்த கோயம்புத்தூர் நிறுவனத்தில் விடைநெசவி என்றொரு இயந்திரம் இருந்தது. யாரும் இன்னும் கேட்காத கேள்விகளை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நெய்து, அதில் விற்பனைக்கு ஒரு பொருளை வைக்கும். மனிதர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். அவள் நாளுக்கு நானூறு பக்கங்களுக்கு ஒப்புதல் தந்தாள். பொருளின் பெயர் சரியா என்று மட்டும் பார்ப்பாள்.

காரியம் முடிந்த பிறகு நல்லசிவத்தின் கைபேசியைத் திறந்தாள். 'மாடி ஏறினால் மட்டும் இடது தாடை வலிக்கிறது, பல்லில் ஒன்றுமில்லை, என்ன தடவலாம்?' கீழே தைலம். அதற்கும் கீழே ஒப்புதல் எண் 3117. அது அவளுடைய எண்.

"தீபன், அந்தப் பக்கத்தை எடுத்துருங்க" என்றாள் மேற்பார்வையாளனிடம்.

"நாமளா எடுக்க முடியாதுங்க்கா. தைலக்காரங்களோட அஞ்சு வருச ஒப்பந்தம். ஒரு மாசம் யாருமே கேக்கலைன்னா நெசவியே தூக்கிரும்."

அவள் காத்திருந்தாள். போய்விட்டதா என்று பார்க்கத் திங்கட்கிழமைதோறும் அந்தக் கேள்வியைத் தேடியில் சொன்னாள். பக்கம் வந்தது. நான்காம் மாதம் தீபன் கணக்கை எடுத்துப் பார்த்தான்.

"மாசம் நாலஞ்சு தடவை, எல்லாம் ஒரே ஆளு. அக்கா... நீங்கதான் கேட்டுட்டு இருக்கறீங்க."

"இருக்கான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"பாக்கறதும் கேக்கறதும் நெசவிக்கு ஒண்ணுதானுங்க்கா."

அன்றோடு நிறுத்தினாள். திங்கட்கிழமைகளில் கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முப்பத்திரண்டாம் நாள் தீபனின் மேசைக்குப் போனாள். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

கேட்டவர்: ஒருவர். ஊர்: தாராபுரம். தைலம்: வாங்கப்பட்டது.

"தாராபுரம் பக்கம் எங்காச்சும் போனீங்களாக்கா?"

"இல்ல."

அவன் திரையை அணைக்கக் கையை நீட்டினான். அவள் கடைசி வரியையும் படித்தாள்.

தேடலில் பக்கத்தின் இடம்: முதலாவது.