வேறு பெட்டி

"சீல் நம்பர் சொல்லுங்கய்யா."

"அது வெளிய இருக்குதும்மா. நான் உள்ள இருக்கறேன்."

ஜெஸிக்குச் சிரிப்பு வந்தது. துறைமுகத்தின் பொதுமக்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை வடக்கனந்தலில் தன் வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவது அவள் வேலை. கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெட்டி எந்த யார்டில் நிற்கிறது, எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்பார்கள். குடித்துவிட்டு வம்புக்குக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

மழை பிடித்த சாயங்காலம். ஓட்டின்மேல் விடாமல் இரைந்த மழையையும், கரும்புக் காட்டிலிருந்து வந்த புளித்த வாடையையும், அம்மா படுத்திருந்த உள்ளறையின் தைல மணத்தையும் தாண்டி, அந்த ஆளின் குரலுக்குப் பின்னால் வேறொன்று கேட்டது: பலகையை யாரோ நகத்தால் விட்டுவிட்டுச் சுரண்டுவது போல.

எப்போதிலிருந்து பெட்டி நிற்கிறது என்று கேட்டாள். கப்பலிலிருந்து இறக்கிய நாளிலிருந்து என்றார். குளிர் தாங்கவில்லையாம். யாருமே வரவில்லையாம்.

"உங்க பேருங்கய்யா?"

"இன்னா ஜெஸி பாப்பா, என் கொரலு கூடவா மறந்துட்ட?"

அப்பா சேவியர்ராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் இறந்துபோனார். போன மாதம் இதே துறைமுகத்தில் அவரைச் சீல் வைத்த பெட்டியில் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம், பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள். திறக்காமலே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கடைசியாக முகம் பார்க்காத அம்மா தெரசா அன்றிலிருந்து தூங்கவில்லை. இன்றுதான் கண்ணயர்ந்திருந்தாள். இந்தக் குரல் மட்டும் அவள் காதில் விழுந்துவிடக் கூடாது.

ஜெஸி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "உங்கள வூட்டுக்கு எடுத்துக்கினு வந்துட்டோமேப்பா."

"நீங்க எடுத்துக்கினு போனது வேற பெட்டி."

சுரண்டல் நின்றது.

வாசற்கதவு தட்டப்பட்டது. மெதுவாக. மறுபடியும்.

உள்ளறையில் கட்டில் முனகியது.

"தெரசா." வெளியிலிருந்து அப்பாவின் குரல். "நாந்தான். தொற."

அம்மா எழுந்து வந்தாள். அத்தனை நாளாகக் காணாத வெளிச்சம் அவள் முகத்தில்.

"வந்துட்டாரு," என்றாள். ஜெஸியைக் கடந்து நடந்தாள்.

ஜெஸி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

கதவுக்கு அடியில் ஈரமண் வழிந்தது. மண்ணோடு விரல்கள். நீளமான விரல்கள். கணுக்கள் அதிகம். அம்மாவின் பாதத்தைத் தடவின.

அம்மா குனிந்து பார்க்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

போனில் அப்பா அழுதார்.

"அது நான் இல்ல பாப்பா. அம்மாவப் புடி."