வைரக்கண்ணுவின் புஷ்பராகம்

மாடிப்படி ஏறி வந்த வைரக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. மன்னார்குடிக் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். காவல்துறையின் குற்றப்பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற செம்மொழி, மேசைக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருடன் வேலை பார்க்கும் ஷமீரா முன்பு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வந்தவர் உட்காருவதற்குள் மின்விசிறியைப் போட்டு, தண்ணீரும் வைத்து, "என்னங்க காணோம்?" என்று கேட்டே விட்டார்.

"மோதிரங்க. புஷ்பராகக் கல் வச்சது. வெள்ளிக்கிழமை காலையில போச்சு."

"தங்கமா?"

"வெள்ளிதான். விலைக்காக வரலைங்க. ஒரு உசுருக்காக வந்திருக்கேன்."

வைரக்கண்ணுவுக்கு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை நிலம் உண்டு. பல வருடமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு வருடம் முன்பு கும்பகோணத்தில் ஒரு கல் கடைக்காரர், இந்தப் புஷ்பராகம் விரலில் இருந்தால் மாத்திரையே வேண்டாம் என்றார். அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டார் வைரக்கண்ணு. உடம்பு தேறியது. பரிசோதித்துப் பார்த்தபோது சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. கடைக்காரர் அவரைப் பேச வைத்து செல்போனில் படம் பிடித்தார். 'என் அனுபவத்தைச் சொல்றேன், கேளுங்க' என்று தொடங்கும் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது.

"அதைப் பார்த்துட்டு அல்லா பிச்சையும் அதே கடையில கல் வாங்கினான். சின்ன வயசுலேருந்து கூட்டாளி. அவன் வயலும் என் வயலும் ஒரே வாய்க்கால். அவனும் இன்சுலின் ஊசியை நிறுத்திட்டான்." வைரக்கண்ணுவின் குரல் இறங்கியது. "காலில முள்ளு குத்தி, புண் அழுகி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. இன்னமும் ஊசி வேண்டாங்கிறான். 'எனக்கு வந்தது போலிக் கல்லு, வைரக்கண்ணுவோட கல்லைக் கொண்டாங்க, பொழச்சுக்குவேன்'னு அடம் பிடிக்கிறான். ஊசி போடலைன்னா காலையே எடுக்கணும், உசுருக்கும் உத்தரவாதம் இல்லைங்கிறாங்க டாக்டருங்க."

வெள்ளிக்கிழமை மோதிரத்தைக் கொண்டுபோகக் கிளம்பினார். கழற்றி அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டில் குளிக்கப் போனார். அப்போது வாசலில் அல்லா பிச்சையின் மகன் அப்சர் வந்து சத்தம் போட்டான். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மாடம் காலி.

"அப்சர்தான் எடுத்திருப்பான்னு நினைக்கிறேங்க. எல்லாம் என்னாலதான்னு அவனுக்கு ஆத்திரம்."

"அதேதான்!" என்றார் ஷமீரா.

செம்மொழி எதற்கும் அவசரப்படவில்லை. "வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல மழையா?"

"விடிய விடிய பேஞ்சுச்சு. வாசலெல்லாம் சேறு."

"அப்சர் போன பிறகு வீட்டுக்குள்ள சேறு கிடந்துதா?"

வைரக்கண்ணு யோசித்தார். "படியில அவன் செருப்புச் சேறு அப்பியிருந்துச்சு. உள்ள இல்ல."

"வீட்டுல வேற யாரு?"

"என் பொண்டாட்டி காத்தாயி மட்டும். அவ கல்லு மாதிரி இருப்பா. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல, மாத்திரைன்னு ஒண்ணு வாயில போட்டதில்ல."

"கல் போட்ட பிறகு உங்களுக்கு எப்பவாவது முடியாம போச்சா?"

வைரக்கண்ணு நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை. கீழ்வேளூர்ல மக கயல்விழி வீட்டுல பத்து நாள் தங்கினேன். நடவு நேரம், காத்தாயி வரல. அங்க நாக்கு வறண்டு, கண்ணைக் கட்டி, கீழ விழுந்துட்டேன். மோதிரம் கையிலதான் இருந்துச்சு. கடைக்காரரைக் கேட்டா, கடல் பக்கம் உப்புக் காத்து, கல்லோட சக்தியைக் குறைக்கும்னாரு. வீட்டுக்கு வந்ததும் சரியாப் போச்சு."

"இது வீடியோவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"வீடியோவில இதைச் சொன்னீங்களா?"

"சொல்லலைங்க." அவர் தலையைத் தூக்கவில்லை. அல்லா பிச்சையை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவரைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது இதுதான். இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

மதியத்துக்குள் மூவரும் வைரக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில், வீடு வீடாக மருந்து கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தோள்பையோடு நின்றார். "அக்கா, அய்யா எப்படி இருக்காரு?" என்று அவர் கேட்க, காத்தாயி விருந்தாளிகளைப் பார்த்ததும் பதறி, "நீ அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிட்டாள்.

செம்மொழி அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். மாடம் வீட்டின் கடைக்கோடியில், அடுப்புக்கு மேலே இருந்தது. பக்கத்து மேடையில் கைக்கு அடக்கமான ஒரு சிறு கல்லுரல். அதன் விளிம்பில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது.

"இதுல என்ன இடிப்பீங்க?"

"மிளகுதாம்மா," என்றாள் காத்தாயி. கணவருக்கு ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு எடுத்து வந்தாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். காலையும் இரவும் குடிக்கும் பழக்கம்.

ஷமீராவுக்குப் பொறுக்கவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு? அப்சரைக் கூப்பிட்டு விசாரிப்போம். தேவைப்பட்டா ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுப்போம்."

"அந்தப் புள்ள எடுக்கல!" காத்தாயியின் குரல் வெடித்து வந்தது. "அவன் மேல பழி போடாதீங்க. அவன் அதைத் தொடவே இல்ல."

செம்மொழி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவிடம், "மோதிரம் போனதுலேருந்து உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இல்லைங்க. தாகம், தலை சுத்தல். சக்கரை ஏறிடுச்சு போல."

"ஷமீரா, உங்க கருவியை எடுங்க."

ஷமீராவுக்கும் சர்க்கரை உண்டு. சோதிக்கும் கருவி எப்போதும் கைப்பையில் இருக்கும். வைரக்கண்ணுவின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியைப் பார்த்தவருக்குப் புருவம் உயர்ந்தது. "நூத்தி முப்பது கூட இல்ல. ரொம்ப நல்லா இருக்கே!"

"உட்காருங்க," என்றார் செம்மொழி. கூடத்தில் வைரக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். காத்தாயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கீழ்வேளூர்ல கல் கையில இருந்துச்சு, சர்க்கரை ஏறிச்சு. இப்ப நாலு நாளா கல் இல்ல, சர்க்கரை ஏறல. தாகமும் தலை சுத்தலும் கல் இல்லைங்கிற பயத்துல வந்தது. அப்ப உங்களைக் காப்பாத்துறது கல் இல்ல. கீழ்வேளூர்ல இல்லாம இந்த வீட்டுல மட்டும் இருக்கிற ஏதோ ஒண்ணு. அங்க உங்களுக்குச் சமைச்சுப் போட்டது மக. இங்க காத்தாயி."

வைரக்கண்ணு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாத்திரையே வாயில போடாத அம்மாவைத் தேடி எதுக்கு மருந்துப் பையோட ஆள் வரணும்? வந்தவங்க விசாரிச்சது அம்மாவை இல்ல, அய்யாவை. மிளகு இடிச்ச உரல்ல கறுப்புத் தூள்தானே இருக்கணும்? இருந்தது வெள்ளைத் தூள். மாத்திரையைப் பொடிச்சுக் கலந்தா கசக்கும். பாகற்காய்ச் சாத்துல கலந்தா யாருக்குத் தெரியும்?"

"அப்ப மோதிரம்?" என்றார் ஷமீரா.

"வாசல்ல சேத்துச் செருப்போட நின்னவன் அடுப்படி வரைக்கும் வந்திருந்தா தரையெல்லாம் தடம் பதிஞ்சிருக்கும். படியோட நின்னுட்டான். அதோட, யார் எடுத்தாங்கன்னு தெரியாதவங்க 'எடுத்திருக்க மாட்டான்'னு சொல்லுவாங்க. 'தொடவே இல்ல'ன்னு அடிச்சுச் சொல்ல ஒரே ஒருத்தராலதான் முடியும்."

காத்தாயி உள்ளே போனாள். விதைநெல் மூட்டைக்குள் கைவிட்டு மோதிரத்தை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வருசமாக் கலந்து கொடுக்கிறேன்," என்றாள். "சொன்னா நீங்க சாத்தையும் குடிக்காம விட்டுடுவீங்கன்னு பயம். பாய் ஊசியை நிறுத்திட்டாருன்னு காதுல விழுந்தன்னைக்கே நான் வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கல. இந்த மோதிரமும் அவரு கைக்குப் போச்சுன்னா மொத்தமா முடிஞ்சிடுமேன்னுதான் ஒளிச்சேன்."

வைரக்கண்ணுவுக்குக் கோபம் பொங்கியது. சொந்த வீட்டிலேயே இரண்டு வருடமாக ஏமாந்திருக்கிறார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் பயந்துபோய் நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் பொய் சொன்னது ஓர் உயிரைக் காப்பாற்ற. அவர் கீழ்வேளூரை மறைத்தது எதற்காக? நாலு பேர் தன்னைப் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக. வேறு ஒரு காரணமும் அவருக்குத் தோன்றவில்லை.

"என் கூட்டாளியைக் கெடுத்தது பத்தாதுன்னு அவன் மகன் மேல பழியும் போடப் பார்த்தேனே," என்றார் மெதுவாக.

ஷமீரா ஆர்வமாக முன்னால் வந்தார். "ஒரு வழி இருக்கு. மோதிரத்தை அவர் கையில போடுங்க. ஊசியும் சேர்த்துப் போட்டாத்தான் கல் வேலை செய்யும்னு சொல்லுங்க. ஊசி போட்டுக்குவாரு. உங்களுக்கும் சங்கடமில்ல."

செம்மொழி வைரக்கண்ணுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க," என்றார் வைரக்கண்ணு. "அந்தப் பொய்யையும் அவன் நம்புவான்."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அல்லா பிச்சை இளைத்துச் சுருண்டு கிடந்தார். கால்மாட்டில் அவர் மனைவி ஹபீபுன்னிசா உட்கார்ந்திருந்தாள். அப்சர் சுவரில் சாய்ந்து நின்றான், 'வாங்க' என்று சொல்லவில்லை. கூட்டாளியைக் கண்டதும் அல்லா பிச்சையின் முகம் மலர்ந்தது. கையை நீட்டினார்.

"மோதிரத்தைக் கொண்டாந்தியா, வைரம்?"

"கொண்டாரல. அதுல ஒண்ணுமில்ல பாய். உன் கல்லு போலின்னா என் கல்லும் போலிதான்." வைரக்கண்ணு நின்றுகொண்டே சொன்னார். உட்காரத் தைரியம் வரவில்லை. பாகற்காய்ச் சாறு, மாத்திரை, காத்தாயி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாகக் கீழ்வேளூரில் விழுந்ததையும் சொன்னார். "கல்லு கையில இருக்கும்போதே விழுந்தேன். தெரிஞ்சுதான் மறைச்சேன். அதைச் சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்டே."

அப்சர் சுவரை விட்டு நிமிர்ந்தான். ஹபீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அல்லா பிச்சை கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார்.

"உனக்குக் காத்தாயி இருந்துச்சு, வைரம்," என்றார். "எனக்கு நீதான் இருந்தே."

 அல்லா பிச்சை கூட்டாளியிடமிருந்து முகத்தைத் திருப்பி மகனைப் பார்த்தார்.

"நர்ஸைக் கூப்பிடு அப்சர். ஊசியைப் போடச் சொல்லு."