இரண்டாவது கையெழுத்து

வேலிக் கதவின் கம்பி உள்பக்கம் இருந்து முறுக்கப்பட்டிருந்தது. எந்த முட்டாள் இப்படிக் கட்டினான் என்று பிரியாமோ எரிச்சல்பட்டான். முட்டாள்களைக் கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதினான்கு வருடம் வனத்துறையில் கணக்கெடுப்பாளனாகச் சம்பளம் வாங்கி அவன் கண்டுபிடித்ததும் அது ஒன்றைத்தான்.

இத்தாலியின் சார்தீனியாத் தீவில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, கோடரிக்குத் தப்பி மிஞ்சிய ஓக் காடு அது. எந்தப் பருவத்திலும் இலை உதிர்க்காத காடு. இருக்கிற மரமெல்லாம் முந்நூறு, நானூறு வயதுக் கிழங்கள். அடுத்த தலைமுறை என்று ஒரு கன்று கிடையாது. முளைப்பதையெல்லாம் ஆடும் பன்றியும் தின்றுவிடும். கிழங்கள் சாய்ந்தால் காட்டின் கதை முடிந்தது. அதனால்தான் ஒன்பது வருடத்துக்கு முன் அரை ஹெக்டேரைச் சுற்றி வேலி போட்டார்கள். உள்ளே வரும் கன்றுகளை ஆண்டுதோறும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட தகடு கட்டி, அறிக்கை அனுப்புவது பிரியாமோவின் வேலை.

அவன் முதல் வருடம் மட்டும் ஏறினான். பனியில் வேலி சாய்ந்திருந்தது. ஆடுகள் உள்ளே விருந்து நடத்திக்கொண்டிருந்தன. நிமிர்த்திக் கட்டினால் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைக் கொடுக்க மனமில்லாமல் கீழே இறங்கி, மதுக்கடை மேசையில் வைத்து, 'கன்றுகள்: முப்பத்தொன்று' என்று எழுதினான். காட்டுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். உடன் வந்தவர் பெயர் லுசோரியோ மெலே என்று எழுதினான். உயரம் நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். காலணி அளவு நாற்பத்து நான்கு. ரத்த வகை ஓ. விபத்து என்றால் ஆளைத் தேட இவ்வளவையும் கேட்கும் அந்தப் படிவம். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. இடது கையால் அவனுக்காகக் கையெழுத்துப் போட்டதும் பிரியாமோதான். இப்படியே ஒன்பது வருடம், ஒன்பது அறிக்கை, அதே இரண்டு கையெழுத்து. இந்த வருடத்து எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு, அதுவும் அனுப்பியாகிவிட்டது.

நாளைக் காலையில் ஆய்வுக்குழு மேலே ஏறப்போகிறது. வெற்று மண்ணைப் பார்த்தார்கள் என்றால் வேலை போகும், பின்னாலேயே வழக்கும் வரும். அதனால் கடற்கரைப் பண்ணையில் வாங்கிய இருபது நாற்றுகளைச் சாக்கில் சுமந்து வந்திருந்தான். இருபதை நட்டுவிட்டு, மீதியை முயல் தின்றது என்று சொல்லிக்கொள்ளலாம். நகரத்துக்காரர்கள் எதையும் நம்புவார்கள்.

வழியில் பொனாரியாவின் ஆட்டுப்பட்டியைத் தாண்டியபோது அவள் பால் வாளியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"என்னப்பா பிரியாமோ, வழி ஞாபகம் இருக்கா?"

"உன் ஆடுங்க மிச்சம் வெச்சதைப் பாக்கப் போறேன்க்கா."

"என் ஆடா? அந்தப் பக்கம் போயி எட்டு வருஷம் ஆச்சு. அடிச்சு விரட்டினாலும் போகாது. உன் கூட்டாளி இருக்கிற இடத்துக்கு எப்படிப் போகும்?"

"எந்தக் கூட்டாளி?"

"நடிக்காதே. மேலயே விட்டுட்டு வந்தியே, நெட்டையா ஒருத்தன். வேலியை நிமித்தினது அவன்தான். எப்பப் பாத்தாலும் முதுகு காட்டிக்கிட்டு நிப்பான். ரொட்டி நீட்டினா, திரும்பாமலே கையை மட்டும் பின்னால நீட்டி வாங்குவான். மறுநாள் பாத்தா ரொட்டி அங்கயே பாறை மேல கிடக்கும், ஓரங்கூடக் கடிக்காம." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு மனுசனை இப்படியா விட்டுட்டு வருவாங்க? உனக்கெல்லாம் ஒரு யூனிபாரம்."

ஆட்டு வாடையில் மூளை ஊறிப்போனவள் என்று நினைத்துக்கொண்டே அவன் நடந்தான். இருந்தாலும் அந்த ரொட்டி விஷயம் மலை ஏறும் வரை கூடவே வந்தது.

குறடால் கம்பியை வெட்டி உள்ளே போனான். மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் கிழட்டு ஓக்குகளின் கீழே எப்போதும் அந்தி. பாறைகளுக்கு மேலிருந்து மூடுபனி இறங்கி, இலைகளின் வெளுத்த அடிப்பக்கங்களில் துளியாகத் திரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் மக்கிய ஓக் கொட்டையும் சேர்ந்த மணத்துக்குள் புதிதாக வெட்டிய உலோகத்தின் வாடையும் லேசாகக் கலந்திருந்தது. பறவைச் சத்தம் இல்லை. பிறகு கண் பழகியதும் அவன் கன்றுகளைப் பார்த்தான்.

முழங்கால் உயரம், இடுப்பு உயரம். வேலியின் கடைசி மூலை வரைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தகடு.

பிரியாமோவுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் அவன் சும்மா இருந்தான், காடு தானாகவே வேலையைச் செய்துவிட்டது. இதற்குத்தான் விஞ்ஞானிகள், கூட்டங்கள், கொள்கைகள் எல்லாம். சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். முதல் வரிசையில் முப்பத்தொன்று. அவன் முதல் வருடம் எழுதியது. அடுத்ததில் பத்தொன்பது. இரண்டாம் வருடம் கூட்டிச் சொன்னது. சிரிப்பு நின்றது. ஒரு தகட்டைத் திருப்பிப் பார்த்தான். எண்கள் கோணலாகக் கீறப்பட்டிருந்தன. அவனுடைய இடது கைக் கிறுக்கல்.

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் அவன் தப்பித்தான், அதுவும் தெரிந்தது. எண்ணினான். இருநூற்றுப் பதிமூன்று. மறுபடி எண்ணினான். அதேதான். ஒன்று குறைகிறது. ஒரே ஒன்று. சாக்கிலிருந்து ஒரு நாற்றை எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையின் முடிவுக்குப் போனான்.

அங்கே குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. இரண்டு பாதம் கொள்ளும் அகலம்.

பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். அளவு நாடா சுருளும் சத்தம். திரும்பினான். கதவருகே ஒரு முதுகு. நெட்டை முதுகு. பெரிய காலணிகள். கை, வெட்டிய கம்பியை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் இருந்து.

"யாருய்யா நீ?"

முறுக்கி முடித்தது. அவசரமே இல்லை.

"நீ வெறும் பேருய்யா." குரலை ஏளனமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. "நான் எழுதின பேரு."

அது திரும்பியது.

படிவத்தில் முகத்துக்குக் கட்டம் இல்லை.

உயரம் இருந்தது. காலணி இருந்தது. கழுத்துக்குள் ரத்தம் துடிப்பது தெரிந்தது. அதற்கு மேல் வழவழப்பான தோல், காது முதல் காது வரை, ஒரு மடிப்பும் இல்லாமல். அந்தத் தோலை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு அது கன்றுகளுக்கு நடுவே நடந்து வந்தது. ஒரு இலைகூட மிதிபடவில்லை. பிரியாமோ பின்வாங்கினான். கால் குழியில் இறங்கியது. மற்றக் காலும். மண் குளிர்ந்திருந்தது. கால்களை வெளியே எடுக்க வரவில்லை.

அவன் கையிலிருந்த பண்ணை நாற்றை அது வாங்கியது. முகர்வதுபோலத் தோலருகே கொண்டு போய், வேலிக்கு வெளியே வீசியது. பிறகு நாடாவை அவன் மார்பைச் சுற்றிப் போட்டு, இறுக்கி, அளவு எடுத்தது. அவன் அலறினான். கீழே எங்கோ ஆட்டு மணிகள். அவை நெருங்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தது. கம்பியை அவன் மணிக்கட்டைச் சுற்றி ஒரு முறுக்கு. இன்னொரு முறுக்கு. இருநூற்றுப் பதினான்கு. பிறகு குனிந்து, குழிக்குள் மண்ணைத் தள்ளி, அவன் கணுக்காலைச் சுற்றிப் பொறுமையாக மிதித்து இறுக்கியது.