முப்பது விநாடி ஓய்வு

சிட்டுவின் அம்மாவுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. ஆனால் அவர் வண்டியில் போவதில்லை. தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்து, "எங்க எரியுது? உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். உடனே மணி அடிக்கும். மற்றவர்கள் வண்டியில் தொற்றிக்கொண்டு பறப்பார்கள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நானும் அந்த வண்டியில ஏறப் போறேன்" என்றார் ஒருநாள்.

அதற்கு ஒரு தேர்வு உண்டு. கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களுக்கு நடுவிலிருந்து மார்பு உயரத்துக்கு வீச வேண்டும். இருபது வீச்சு. உடனே இருநூறு மீட்டர் ஓட்டம். பிறகு முப்பது விநாடி ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று.

தையல்காரரான அப்பா அந்தக் குண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன இது, மூக்கில்லாத கெண்டி மாதிரி?" என்று சிரித்தபடி ஒரு கையால் தூக்க முயன்றார். அப்புறம் அதைக் கேலி செய்யவே இல்லை.

தினமும் மாலையில் பக்கத்து மைதானத்தில் பயிற்சி. ஸ்டாப்வாட்ச் சிட்டுவின் கையில். "ஆரம்பி!", "முப்பது ஆச்சு, எழுந்திரு!" என்று கத்துவது அவள் வேலை.

முதல் வாரத்தில், ஐந்தாவது சுற்று முடிந்ததும் அம்மா முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"முப்பது ஆச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

ஆகியிருந்தது. ஆனால் சிட்டுவுக்கு மனசு வரவில்லை. "இன்னும் இல்லம்மா" என்றாள்.

அன்று முப்பத்தைந்து விநாடி கொடுத்தாள். அடுத்த வாரம் நாற்பது. போகப் போக ஐம்பது. அம்மா எட்டுச் சுற்றையும் முடித்தார்!

"இன்னும் ரெண்டே வாரம்" என்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா உற்சாகமாகச் சொன்னார். "அங்க ரொம்பக் கறாராம். முப்பதாவது விநாடி விசில் ஊதுவாங்களாம். உடனே குண்டைத் தூக்கலைன்னா வெளிய போக வேண்டியதுதான். எனக்கென்ன பயம்? சிட்டு இருக்காளே!"

சிட்டு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா... நான் ஒண்ணு சொல்லணும். நீ திட்டக் கூடாது" என்றாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. "எதுக்குடி அப்படிச் செஞ்ச?"

"உன்னைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"விசில் ஊதறவருக்குப் பாவமா இருக்காதே கண்ணு" என்றார் அம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சிட்டுவுக்குத் தோன்றியது.

மறுநாள் சரியாக முப்பது விநாடி ஓய்வோடு முயன்று பார்த்தார்கள். ஆறாவது சுற்றில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நமக்கு இது சரிப்படாது. தேர்வுக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். இத்தனை நாளும் அம்மாவை விநாடி விநாடியாகப் பார்த்தவள் அவள்தானே?

"அம்மா, முதல் சுத்துல நாய் துரத்தற மாதிரி ஓடுற. நாப்பத்தஞ்சு விநாடியில வந்துடற. அஞ்சாவதுல எண்பது ஆகுது. எதுக்கு அவ்வளவு வேகம்? ஓட்டத்துக்கு நேரக் கணக்கே இல்லையே!"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாச் சுத்துலயும் ஒரே மாதிரி, மெதுவா ஓடு. ஓய்வை நாளைக்கு நாப்பத்தெட்டு விநாடி ஆக்கறேன். அடுத்த நாள் நாப்பத்தாறு. தினம் ரெண்டு ரெண்டா குறைச்சா பத்தாவது நாள் முப்பது. மிச்ச நாள் நல்லாத் தூங்கு."

"இந்தத் தடவை ஏமாத்த மாட்டியே?"

"நீயே பார்த்துக்கோ" என்று ஸ்டாப்வாட்சை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தேர்வு நாளன்று, வேலிக்கு வெளியே நின்ற சிட்டுவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அம்மாவோடு ஒன்பது பேர் இருந்தார்கள். முதல் சுற்றில் எல்லோருக்கும் கடைசியாக ஓடி வந்தது அம்மாதான்.

"அந்தம்மா தேறாது" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

நான்காவது சுற்றில் முன்னால் ஓடிய இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாவதில் இன்னும் மூவர். அம்மா அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். எட்டாவது சுற்றுக்கு விசில் ஒலித்தது. அம்மா குனிந்து குண்டைப் பிடித்தார். குண்டு மேலே எழுந்தது. பதினெட்டு... பத்தொன்பது... இருபது!

அம்மா ஓடி வந்து கோட்டைத் தொட்டதும் அதிகாரி தாளில் எதையோ எழுதிவிட்டு, "தேர்ச்சி!" என்றார். சிட்டு அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சை 'புஸ்' என்று விட்டாள்.

திரும்பும் வழியில், பேருந்து கிளம்புவதற்கு முன்பே அம்மா சிட்டுவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா பாப்பா?"

"நல்லா இருக்காங்க, அண்ணா. திங்கக்கிழமையிலேருந்து தீயணைப்பு வண்டியில போகப் போறாங்க" என்று மெல்லிய குரலில் சொன்னாள் சிட்டு. பிறகு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடாமல் இருக்க, தோளை அசைக்காமல் தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.