அறுபத்து நாலில் நின்ற பஃபர்

சேந்தமங்கலத்தில் போர்வெல் சாமான் கடைக்கு மேலே இருக்கிறது என் ஒலிப்பதிவு அறை. போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, கமலவேணி படியேறி வந்தாள்.

“ஏனுங்ண்ணா, அம்மா பாடுனது உங்ககிட்ட இருக்குதுங்களா? நாளைக்கு அம்மாவுக்குக் கருமாதி. ஒருக்கா அந்தக் கொரலக் கேக்கோணும்.”

அவள் அம்மா சௌந்திரம் இந்த வட்டாரத்தில் பேர்போன ஒப்பாரிக்காரர். எட்டு மாதத்துக்கு முன் நான்தான் அவரை அழைத்து வந்து பதிவு செய்தேன். அப்போதுதான் புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியிருந்தேன். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சின்னப் பெட்டி அது. பாடியதைப் போட்டுக் கேட்டால் ஒரே கரகரப்பு. பெருமையாக வாங்கிய பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “உங்க தொண்டை போயிருச்சுங்க்கா” என்றேன். ஒன்பது தடவை பாட வைத்தேன். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் பாடவில்லை. சொந்த அண்ணன் செத்த வீட்டில்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

கமலவேணியை உட்கார வைத்துப் பதிவைப் போட்டேன். அதே கரகரப்பு. அவள் முகம் சுருங்கியது. அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் டிரைவர் செட்டிங்கைத் திறந்தேன். பஃபர், அதாவது சத்தத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற அளவு, அறுபத்து நாலில் நின்றது. அவ்வளவு குறைவாக வைத்தால் என் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், பதிவு நன்றாக இருந்தாலும் கேட்கும்போது சத்தம் உடைந்து உடைந்துதான் வரும். ஐநூற்றுப் பன்னிரண்டுக்கு மாற்றினேன்.

ஸ்பீக்கரில் சௌந்திரத்தின் குரல் சுத்தமாக வந்தது.

பாட்டு முடிகிற வரை கமலவேணி கண்ணைத் துடைக்கவில்லை.

“இத்தன நல்லாப் பாடியிருக்குதுங்களே. அப்பறம் ஏனுங்ண்ணா தொண்டை போச்சுன்னீங்க?”

“எந் தப்புதானுங்க. அன்னைக்கே சந்தேகமா இருந்துச்சு. நாந்தான் பாக்கல.”

“எங்கிட்டச் சொல்லி என்னங்ண்ணா ஆவுது?”

கதவிடுக்கில் ஊதுபத்தி வாசம் வந்தது. கீழே கடையில் யாரும் ஏற்றுகிற வழக்கமில்லை.

திரையில் இரண்டாம் இன்புட்டின் சத்த அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறியது.

அதில் நான் எதையும் செருகவில்லை.

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“இப்பச் செரியா இருக்குதுங்களா, தம்பி?”

கமலவேணி என் கையை இறுகப் பிடித்தாள். “அம்மாங்ண்ணா” என்று கிசுகிசுத்தாள்.

மைக் பக்கம் குனிந்தேன்.

“மன்னிச்சிருங்க்கா. உங்க தொண்டையில ஒண்ணுமே இல்லீங்க. நாந்தான் பொய் சொன்னேன்.”

பச்சைக் கோடு இறங்கியது. மனசு லேசான மாதிரி இருந்தது.

பிறகு பாட ஆரம்பித்தார். நிதானமாக, ஆசையாக, எட்டு மாதமாக அடக்கி வைத்த குரலில். ஒப்பாரியில் செத்தவர் பேரை வைத்துத்தான் பாடுவார்கள்.

“எந் தம்பி கந்தவேலு…”

அது என் பேர்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். பாட்டு நிற்கவில்லை.

கமலவேணி என் கையை விட்டாள். தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.