மெஹரின் அட்டை வீடு

"தொடாதே! ஒரு வாரமா ஒட்டின வீடு இது..."

"எரியாட்டி கதையே இல்லைடி! எரியறதுக்குத்தானே கட்டச் சொன்னோம்..."

"நீலக் கதவு வச்சிருக்கேன். ஜன்னல்ல கிளி வரைஞ்சிருக்கேன். நசுக்க விடமாட்டேன்!"

குருத்வாரா முற்றத்தில் மெஹர் தன் அட்டை வீட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஹர்ஜாப் கையில் சிவப்புத் துப்பட்டா. அதுதான் நெருப்பு. தீக்குச்சியைத் தொடக்கூடாது என்று, நாடகம் சொல்லித்தரும் குல்வந்த் ஆன்ட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துப்பட்டா விழுந்ததும் வீடு சரிய வேண்டும்.

நாளை சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான குரு தேக் பகதூரின் தியாக நாள். பாதுஷாவின் ஆணையால் டில்லியில் அவர் உயிரைக் கொடுத்த பிறகு நடந்ததைப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். சீக்கிய மரபில் குருவாக யாரும் நடிக்கக்கூடாது. பருத்தி மூட்டை ஏற்றிய வண்டி வரும், அவ்வளவுதான்.

"ஓய், என்ன சண்டை?" என்று ஆன்ட்டி வந்தார்.

"வண்டிக்கார லக்கி ஷா எதுக்கு ஆன்ட்டி சொந்த வீட்டைக் கொளுத்தினார்? வெளியில சிதை மூட்டியிருக்கலாமே?" என்று கேட்டாள் மெஹர்.

"பாதுஷாவோட சிப்பாய்ங்க விடுவாங்களா, பேட்டா? குருவோட உடலைப் பருத்திக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்தார். வீட்டுக்குள்ள வச்சு, வீட்டோட தீ மூட்டினார். பார்க்கிறவங்களுக்கு ஏதோ வீடு பத்திக்கிச்சுன்னுதான் தெரியும். அங்கேதான் இப்ப ரகாப் கஞ்ச் குருத்வாரா நிக்குது."

மெஹர் நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹர்ஜாப், நீ லக்கி ஷாவா நடிக்க வேணாம்."

"ஏனாம்?"

"அடுத்தவங்க வீட்டைக் கொளுத்த யாராலதான் முடியாது? நான் நடிக்கிறேன்."

"தாடிக்கு எங்கே போவே?"

"வீட்டையே ஒட்டினவளுக்குத் தாடி ஒட்டறது பெரிசா?"

ஹர்ஜாப் தலையைச் சொறிந்தான். "சரி, நான் சிப்பாய். ஆனா ஈட்டி பெரிசா வேணும்."

மறுநாள் முற்றம் நிறையக் கூட்டம். வண்டி வந்தது. பஞ்சுத் தாடியோடு மெஹர் நீலக் கதவை ஒருமுறை திறந்தாள், மெதுவாகச் சாத்தினாள். துப்பட்டாவை வீசினாள். இரண்டு கைகளாலும் அழுத்தினாள். கிளி ஜன்னல் மடங்கி, வீடு சரிந்தது. நெஞ்சு ஒரு நொடி கனத்தது. அப்புறம், அவளுக்கே ஆச்சரியமாக, லேசாகிவிட்டது.

சிப்பாய் ஹர்ஜாப் ஓடி வந்தான். "யார் வீடு எரியுது?"

"என் வீடுதான்," என்றாள் மெஹர், தலை நிமிர்ந்து.

'தீ எப்படிப் பிடிச்சுது?' என்று அவன் அடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் சிப்பாய் வாய் திறக்கவில்லை. சரிந்த வீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கண் கலங்க நின்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஆன்ட்டியின் குரல் கிசுகிசுத்தது: "கேளுடா சிப்பாயே, அவ தாடி விழறதுக்குள்ள கேளுடா!"