மணமில்லாத மருந்து

ரஜிதா அந்தக் கடிதத்தை ஜொஹறாவின் மேசையில் வைக்கவில்லை, எறிந்தாள். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் பஸ்ஸில் அதைக் கைக்குள்ளேயே பிடித்து வந்ததில் தாள் நன்றாகக் கசங்கியிருந்தது.

"இதில நான் கையெழுத்து வைக்கவேணுமாம் அக்கா. நாளைக்குப் பத்து மணிக்குள்ள. வைக்க மாட்டன்."

ஜொஹறா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். காப்புறுதிக் கம்பனிகளுக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய வள்ளங்களையும் போய்ப் பார்த்து, நடந்தது விபத்தா, யாராவது நடத்தியதா என்று சொல்வது அவருடைய தொழில். எத்தனையோ பொய்களை வாசித்தவர். இது அழகாகத் தட்டச்சில் அடித்த பொய். 'கழுவும் திரவத்தை நானும் என்னுடன் வேலை செய்யும் ஐந்து பெண்களும் களவாக எடுத்தோம் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்றிருந்தது. ரஜிதாவின் பெயர் மட்டும் பச்சை மையில் கையால் எழுதப்பட்டிருந்தது.

விஷயம் இதுதான். ரஜிதா வேலை செய்வது ஸ்கந்தபுரம் பக்கத்தில் பித்தளை வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில். கடைந்தெடுத்த வால்வுகளில் எண்ணெய் பிடித்திருக்கும். அதைப் போக்க ஓர் ஆழமான இரும்புத் தொட்டி. அடியில் கழுவும் திரவம் கொதிக்கும்; மருந்து என்றுதான் அங்கே அதற்குப் பெயர். அதன் ஆவிக்குள் வால்வுகளை இறக்கினால் எண்ணெய் கரைந்து வடிந்துவிடும். தொட்டியின் வாயைச் சுற்றி ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. ஆவி வெளியே போகாமல் குளிர்ந்து திரும்பவும் அடியில் விழுவதற்கு அந்தக் குழாய்தான் காவல்.

பழைய மருந்தின் வாடையில், அந்த ஆறு பேரில் ஒருத்தியான கௌசலா இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். மற்றவர்களுக்குத் தலையிடி, கை நடுக்கம். ரஜிதா முதலாளி அம்மாவுக்கு நேரே எழுதினாள். ஒரு தரமல்ல, ஐந்து தரம். கடைசியில் புது மருந்து வந்தது. அதற்கு வாடையே இல்லை. பழையதைவிடக் குறைந்த சூட்டில் கொதிப்பதால் கிணற்றுத் தண்ணீரின் குளிர் காணாது என்று, குழாய்க்கு நீரைக் குளிராக்கி அனுப்ப ஒரு யந்திரமும் வாங்கிப் பூட்டினார்கள்.

"முதல் மூண்டு கிழமை ஒண்டும் குறையேல்லை. காலமை மெஷினைப் போட்டா மேல் குழாய் வேர்த்து வடியும், அதைத் துடைக்கிறதே எனக்கொரு வேலை. பிறகு ஒரு மாசமா மருந்து குறைஞ்சுகொண்டே போகுது. நாங்கள் வித்துப்போட்டமாம். நாளைக்குப் பழைய மருந்து லொறியில வருது." அவள் கடிதத்தின்மேல் விரலால் தட்டினாள். "வேலை போனாப் போகட்டும் அக்கா. கௌசலா திரும்ப விழுந்தா எழும்புவாளோ தெரியாது."

ஜொஹறா ஏற்கெனவே கைப்பையை எடுத்துவிட்டார். வாசலில் தயாபரன் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கார் ஓட்டுவதும் படம் எடுப்பதும் அவருடைய வேலை. எல்லாரையும் சந்தேகிப்பது அவர் சம்பளமில்லாமல் செய்யும் சேவை. விசுவமடு தாண்டுவதற்குள் தொழிற்சாலைக் காவலாளிதான் கள்ளன் என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர்கள் போய்ச் சேரும்போது பின்னேரம் இரண்டு மணி. வெய்யில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. முகாமையாளர் வீரகத்தி தன் அறையிலிருந்து எழுந்து வரவில்லை. அறைக்குள் கூப்பிட்டு உட்காரக் கதிரை காட்டினார். உள்ளே சுகமான குளிர். புது மருந்து இந்த ஊர் வெக்கைக்குச் சரிவராது என்றும், போதாததற்குப் பெண்களும் கள்ளிகள் என்றும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். எது காரணம் என்று ஜொஹறா கேட்டதற்கு இரண்டும்தான் என்றார். மருந்து அனுப்பிய கம்பனியின் கடிதங்களைக் கேட்டபோது சிரித்துக்கொண்டே கோப்பைத் தள்ளிவிட்டார். எல்லாம் ஆங்கிலம் என்று எச்சரிக்கை வேறு.

ஜொஹறா ஆறுதலாக, வரிவரியாக வாசித்துவிட்டு, ஒரு தாளைப் படமெடுக்கத் தயாபரனிடம் சொன்னார். அறைக்கு வெளியே கால் வைத்ததும் அவருடைய கண்ணாடி புகைபடிந்ததுபோல் மங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மத்தியான ளுஹர் தொழ வேண்டும், கை கால் கழுவி வுழூ செய்ய எங்கே தண்ணீர் என்று கேட்டார். பின்பக்கத்துக் குழாயடியைக் காட்டினார்கள்.

அங்கே முகாமையாளரின் அறைச் சுவரோடு நீர் குளிராக்கும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அறையின் ஏசியின் வெளிப்பெட்டி. விசிறிக் கம்பிகளுக்குள் மைனா ஒன்று கூடு கட்டி, மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஜொஹறா அவற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொழப் போனார்.

பிறகு தொட்டியடிக்கு வந்தார். வாயைச் சுற்றிய குழாயை விரலால் தொட்டார். காய்ந்திருந்தது. கீழே சீமெந்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்த பழைய தடம். பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழலில் மருந்தின் மட்டத்தைக் காட்ட ரஜிதா தினமும் காலையும் மாலையும் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் நாள் குறித்துக் கோடு போட்டிருந்தாள். இரவில் குறையவேயில்லை, குறைந்ததெல்லாம் பகலில். ஆனால் இரண்டு பகல்களில் மட்டும் காலைக் கோடும் மாலைக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அந்த நாட்களில் யார் வரவில்லை என்று கேட்டார். மனேஜர் ஒரு கூட்டத்துக்கு வவுனியா போனவர், காவலாளிதான் வாகனம் ஓடினது என்றாள் கௌசலா.

தயாபரன் துள்ளி எழுந்து காவலாளியின் கொட்டிலுக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு வந்து மூடியைத் திறந்தார். மண்ணெண்ணெய். காவலாளி அதை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திருகிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் ஒன்பதரைக்கே முதலாளி அம்மா சிவலட்சுமி கொழும்பிலிருந்து வந்துவிட்டார். வாசல் கேற்றுக்குள் லொறி நின்றது, பழைய மருந்து பன்னிரண்டு பீப்பாயோடு. ஜொஹறா எல்லாரையும் தொட்டியடிக்கு அழைத்தார். பெண்கள் ஆறு பேரும் ஒரு பக்கம், வீரகத்தி எதிர்ப்பக்கம்.

"மருந்தை ஒருத்தரும் களவெடுக்கேல்லை" என்றார் ஜொஹறா. "அது தானாப் போனது, மேலால. வாடையில்லாதபடியால் போறது ஒருத்தருக்கும் தெரியேல்லை. காவல் குழாய் குளிராயிருந்தா அது போகேலாது. காலமை வேர்த்து வடியிற குழாய், நேற்று ரெண்டு மணிக்குப் பிறகு காய்ஞ்சு கிடந்தது. குளிர்த்தண்ணி வேறெங்கேயோ போயிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயாவின்ர அறையை விட்டு வெளியில வரேக்குள்ள இது மங்கிப்போச்சு. அவ்வளவு குளிர். ஆனா ஏசிப் பெட்டிக்குள்ள மைனா குஞ்சு பொரிச்சிருக்கு. ஏசி ஓடிக் கனநாள். அப்ப அந்தக் குளிர் எங்கால வந்தது? சுவருக்கு அங்கால இருக்கிற ஒரே குளிர்ச் சாமான் இந்தத் தண்ணி குளிராக்கிற யந்திரம்தான். ஐயா வவுனியாவில நிண்ட ரெண்டு நாளும் மருந்து குறையவும் இல்லை."

வீரகத்தி சிரித்தார். நீங்கள் என்ன இரசாயனம் படித்தவரா என்று கேட்டார். ஜொஹறா நேரே அவருடைய அறைக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த திரைச்சீலையைத் தயாபரன் ஒரே இழுவையில் விலக்கினார். அங்கே ஒரு பழைய லொறியின் ரேடியேற்றர். அதற்குப் பின்னால் மேசை விசிறி. சுவரைத் துளைத்து வந்த இரண்டு குழாய்கள், பக்கத்தில் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் அறைக்குக் குளிர். அந்தப் பக்கம் திருப்பினால் தொட்டிக்கு.

கௌசலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முயலவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்றார் வீரகத்தி. மத்தியான வெக்கை தாங்க முடியவில்லையாம்.

"முதல்ல தெரியாமத்தான் செய்திருப்பியள்" என்றார் ஜொஹறா. "ஆனா பத்து நாளைக்கு முந்தி கம்பனி உங்களுக்கு எழுதியிருக்கு, மருந்து குறைஞ்சா முதல்ல மேல் குழாய் குளிராயிருக்கோ எண்டு பாருங்கோ எண்டு. அந்த வரிக்குக் கீழ பச்சை மையில கோடு கிடக்கு. அதே மையிலதான் பிறகு இந்தப் பிள்ளையின்ர பேரையும் எழுதினனீங்கள். தெரிஞ்சுகொண்டுதான் இவையைக் கள்ளியள் ஆக்கினீங்கள்."

சிவலட்சுமி குனிந்து ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வீரகத்தியின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். பெண்களிடம் திரும்பி, நடந்தது நடந்துவிட்டது, வால்வுகள் குவிந்து கிடக்கின்றன, போய் வேலையைத் தொடங்குங்கள் என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை.

"கள்ளியள் எண்டு ஆறு பேருக்கும் முன்னாலதானே சொன்னவர்" என்றாள் ரஜிதா. "ஆறு பேருக்கும் முன்னால இல்லையெண்டும் சொல்லட்டும்."

வீரகத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கேட்கவில்லை என்றாள் ரஜிதா. அவர் நிமிர்ந்து இன்னொரு தரம் சொன்னார்.

"இனிப் போங்கோ பிள்ளையள்" என்றார் சிவலட்சுமி.

"லொறி போகட்டும் அம்மா."

"அது பின்னேரம் போகும். ட்ரைவர் சாப்பிட வேணும்."

"இப்ப போகட்டும். அந்தப் பீப்பா இந்த வளவுக்குள்ள நிக்குமட்டும் நாங்கள் மெஷினில கை வைக்க மாட்டம்."

சிவலட்சுமிக்கு முகம் சிவந்தது. ஆனால் ஆறு பேரும் ஏற்கெனவே கேற்றடிக்கு நடந்துவிட்டார்கள். ஏறும் வெய்யிலில், நிழல் தேடாமல், வரிசையாக நின்றார்கள். கடைசியில் அவரே கையசைத்தார். லொறி பின்னுக்கு வந்து, ஒரு தரம் உறுமி, வீதியில் ஏறியது. புழுதி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு முதலில் திரும்பியவள் கௌசலா. அவள்தான் உள்ளே போய்க் குளிர்த் தண்ணீரைத் தொட்டிப் பக்கம் திருப்பி, மெஷினைப் போட்டாள்.